லாரி நின்னுச்சா, இல்லையா?

அந்த ஆளு மட்டும் என் கையில சிக்கட்டும் சார், அப்புறம் பாருங்க. படம் எடுக்கிறானாம், படம்! நடுரோட்டுல பொம்பளைங்களை வரிசையா உட்கார வெச்சான். எதிர்ல லாரியை விட்டான். லாரி வருது, வருது, வந்துக்கிட்டே இருக்குது. அப்படியே திரையை இருட்டாக்கிட்டு அவன் பாட்டுக்கு எழுந்து போயிட்டான். லாரி நின்னுச்சா, இல்லை ஏறிச்சா? ஒரு வார்த்தை சொல்லலை. எங்க சந்தையில ஒருத்தன் மாட்டைக் காட்டி, பல்லைக் காட்டி, விலையெல்லாம் பேசி, கயித்தை மாத்தற நேரத்துல ‘மீதியை நீயே யோசிச்சுக்கோ’ன்னு துண்டை உதறிட்டுப் போனா மறு வாரம் அவனை உள்ளே விடுவோமா? இந்தாளுக்கு என்னடான்னா பரிசு குடுத்திருக்காங்களாம்!

தப்பா நினைச்சுக்காதீங்க. பின்னால ஜன்னலோரம் காலியாத்தான் இருந்துச்சு. உங்க கழுத்துல தொங்குற அட்டையைப் பார்த்துத்தான் இங்க வந்து உட்கார்ந்தேன். கேரளாவுல நடக்கிற அந்தப் பட விழாவுக்குத்தானே போறீங்க? நல்லதாப் போச்சு. என்னை வாசல்ல விடறானோ இல்லையோ, நீங்க அவனை நேர்ல பார்ப்பீங்க.

சத்தமாப் பேசறேனா? என் தொண்டையே இப்படித்தானுங்க. மாட்டுக் கூட்டத்துக்கு நடுவுல நின்னு வளர்ந்த தொண்டை. ஆனா ஒண்ணு, கொஞ்சம் அடக்கித்தான் பேசணும். முன்னால பொம்பளைங்க சீட்டுல பச்சைச் சேலை கட்டிக் கொண்டை போட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கா, தெரியுதா? ஐயோ, இப்படியா எட்டிப் பார்ப்பீங்க! அவ பேரு மாராத்தா. எனக்குக் காவல் வர்றா. அதை அப்புறம் சொல்றேன்.

விஷயம் இதுதான் சார். வர்ற வியாழக்கிழமை கரட்டூர்ல தேர்ச்சந்தை. வருஷத்துக்கு ஒருக்கா வர்றது. கர்நாடகாவுல இருந்தெல்லாம் மாடு இறங்கும். சந்தைக் குத்தகை என் பேர்ல. தொட்டி அத்தனையும் இன்னிக்குக் காஞ்சு கிடக்கு. மோட்டார் போட்டா பெரிய தொட்டி வரைக்கும்தான் தண்ணி வரும். அதுக்கு மேல ஒவ்வொரு கட்டுத்தறிக்கும் பொம்பளைங்க குடத்துல எடுத்து ஊத்தணும். அந்தப் பொம்பளைங்க இப்பக் குடத்தைக் கவுத்துப் போட்டு அது மேலேயே உட்கார்ந்திருக்காங்க. ஆத்துக்கு அக்கரையில இன்னொரு சந்தைக்காரன் பந்தல் போட்டு, பருத்திக்கொட்டை ஆட்டி வெச்சுக்கிட்டு, என் பக்கமே பார்த்துக்கிட்டு இருக்கான். தாகத்தோட ஒரு லாரி மாடு அங்க திரும்பிச்சுன்னா போச்சு, அடுத்த வருஷம் எல்லாம் அங்கதான் போகும். என் சந்தையில வெள்ளாட்டங்குட்டி கூட நிக்காது.

இதுக்கெல்லாம் காரணம் அந்தப் படம் எடுத்தவன்.

நான் ஒண்ணும் பரம்பரைப் பணக்காரன் இல்லீங்க. சென்னியப்பன்னு பேரு. அப்பன் மூஞ்சி தெரியாது. பள்ளிக்கூடத்துல மூணாவதோட வாத்தியார் கும்பிட்டு அனுப்பிட்டார். மேலே சட்டை இல்லாத வயசுலயே இதே சந்தையில இதே தொட்டிக்குத் தண்ணி ஊத்தினவன் நான். உதை வாங்கி, ஏமாந்து, மறுபடி உதை வாங்கித் தரகு கத்துக்கிட்டேன். எங்க தரகு எப்படின்னா, விலையை வாயில சொல்லக் கூடாது. ரெண்டு பேர் கையையும் ஒரு துண்டு போட்டு மூடிக்கணும். துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு அமுக்குனா அதுதான் விலை. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. முகத்துல ஈ உட்கார்ந்தாலும் அசையக் கூடாது. இந்தத் துண்டுதான், பாருங்க. இதுக்குள்ள நான் தோத்தது கிடையாது.

அப்பெல்லாம் சந்தை பெரிய பண்ணாடி கையில, அதான் ஊர்ப் பண்ணைக்காரர். வாசல்ல பச்சைக் குடை, அடியில சாய்வு நாற்காலி, அதுல அவரு. தண்ணி தூக்கற பொம்பளை ஒருத்தி குடை நிழல்ல ஒதுங்கினான்னா நாயை அவுத்து விடுவாரு. குத்தகை ஏலத்தன்னிக்கு எவனும் எதிர்த்துக் கேக்க வரக் கூடாதுன்னு தடியனுங்களை நிறுத்தியிருந்தாரு. நான் பொம்பளைங்ககிட்டப் போய் நின்னேன். ‘ஆத்தாக்களா, எனக்கு வழி பண்ணி விடுங்க. சந்தை என் கைக்கு வந்தா மொத வேலை உங்களுக்கு ஒரு நிழல் கொட்டகை’ன்னேன். குடத்தோட வந்தாங்க சார்! மாராத்தாதான் முன்னால. ஒவ்வொரு தடியன் தலையிலயும் ஒரு குடம் தண்ணி. நனைஞ்ச கோழியாட்டம் ஓடினானுங்க. ஏலம் எனக்கு வந்துச்சு. என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டுச் சந்தையையே சுத்தி வந்தாங்க. இப்பச் சொல்லும்போது கூட எனக்குப் புல்லரிக்குது, கையைப் பாருங்க.

கொட்டகையா? போட்டுக்கிட்டேதான் இருக்கேன். நாலு மூலைக்கும் அப்பவே குழி தோண்டியாச்சு. மழைத் தண்ணி நின்னு இப்ப அதுல தவளை குடியிருக்கு. வேலைன்னா முன்ன பின்ன ஆகத்தான் செய்யும். அன்னிக்கு ஜெயிச்ச வேகத்துல பண்ணாடியோட குடையைக் கொளுத்தணும்னு கூடக் கத்தினாங்க. நான்தான் தடுத்தேன். நல்ல குடைங்க. கம்பியெல்லாம் அசல். எதுக்கு வீணாக்கணும்? நானே வெச்சுக்கிட்டேன். நாற்காலியையும்தான். குடை மட்டும் இருந்து என்ன பண்றது?

சரி, படத்துக்கு வர்றேன்.

மதிவாணன்னு ஒரு காலேஜ் வாத்தியார். படக் கழகம் நடத்தறார். ஏதோ ஒரு குட்டி நாட்டுப் படமா வாங்கி வெச்சிருந்தார். கல்யாண மண்டபத்துக்காரன் நோட்டீஸ்ல ‘புரட்சிக்குப் பின்’னு போட்டிருந்ததைப் பார்த்துட்டு, தாலி கட்டற இடத்துல இதெல்லாம் ஆகாதுன்னு துரத்திட்டான். வாத்தியார் என்கிட்ட வந்தார். சந்தையில ஓடு போட்ட கொட்டகை சாயங்காலத்துக்குக் கிடைக்குமான்னு கேட்டார். அது மாட்டுக்குப் போட்ட கொட்டகைங்க, பொம்பளைங்க கொட்டகைன்னு குழப்பிக்காதீங்க. மாட்டுக்கு நிழல் இல்லைன்னா வியாபாரி வரமாட்டான்.

எந்த நாடுங்கன்னு கேட்டேன். மேப்பை விரிச்சு விரலை வெச்சார். ஒரு மாட்டு ஈ வந்து உட்கார்ந்துச்சு, நாட்டையே காணோம். அங்க ஒரு ஜெனரல் இருந்து ஆட்டம் போட்டானாம். ஜனங்க திரண்டு துரத்திட்டாங்களாம். கொடி மாறிச்சு, காசுல இருந்த தலை மாறிச்சு. அதுக்கப்புறம் ஜனம் எப்படிப் பொழைக்குதுங்கறதுதான் படமாம். ‘ஒரு படம் திரையிடுகிறோம் ஐயா’ன்னார். ஒண்ணுன்னு எவன் சொன்னாலும் எனக்கு உடம்புல ஏறாது. மூணு போடுங்க, என் ஆளுங்களும் பார்க்கட்டும்னேன். வாத்தியார் இழுத்தார். அவர் கையைப் பிடிச்சுத் துண்டைப் போட்டேன். பாவம், கூச்சத்துல நெளிஞ்சே போயிட்டார். மூணு படம், கூடவே தமிழ்ல விளக்கம், பெஞ்சுக்கும் அவரே பொறுப்புன்னு ஒத்துக்கிட்ட பிறகுதான் கையை விட்டேன். இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்கியிருந்தா திரையையும் எங்களுக்கே விட்டுட்டுப் போயிருப்பார்.

ஒண்ணோட விட்டிருந்தா அந்த மூணாவது படம் வந்தே இருக்காதேன்னு நீங்க நினைக்கிறீங்க. முகத்துல தெரியுது. ஆனா அது பேரம் சார். பேரத்துல என்ன தப்பு?

திங்கக்கிழமை மொதப் படம். ஒரு கிழவன் கக்கத்துல கோழியை இடுக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிறான். புது சர்க்கார் பஸ் ஸ்டாப்பு கட்டி வெச்சிருக்கு, பளபளன்னு. திறப்பு விழா ரிப்பன் கூடத் தொங்குது. பஸ் மட்டும் வரலை. கூட நின்னவங்க அங்கேயே பழகி, அங்கேயே கல்யாணம் பண்ணி, புள்ளையும் பெத்துட்டாங்க. பஸ் வரலை. அந்தக் கோழி முட்டை வெச்சுக் குஞ்சு பொரிச்சிருச்சு. படம் முடிஞ்சிருச்சு. எங்க ஆளுங்க ‘அப்புறம்?’னாங்க. வாத்தியார் ‘அவ்வளவுதான்’னார்.

செவ்வாக்கிழமை ஒரு டீச்சரம்மா. எல்லாப் புள்ளைக்கும் படிப்புன்னு சட்டம் வந்தாச்சு, பள்ளிக்கூடத்துக்குப் போர்டு மாட்டியாச்சு. உள்ளே போய்ப் பார்த்தா பழைய பட்டாளத்துக் கழுதையைக் கட்டி வெச்சிருக்கான். கழுதையை வெளியே விடறதுக்கு உத்தரவு குடுக்கிற ஆபீசரைத் தேடிக்கிட்டு அந்தம்மா மலை ஏறுது, இறங்குது. எல்லா ஆபீசரும் எழுந்து நின்னு மரியாதையா ‘தோழர்’னு கூப்பிட்டு அடுத்த ஆபீசைக் காட்டறான். அதுவும் முடியலை. ஆனா சும்மா சொல்லக் கூடாது, கழுதைங்க நல்ல கழுதைங்க. நான் கவனிச்சேன்.

வாத்தியார் நல்ல மனுஷன்தான். விளக்கம் சொல்றதுதான் ஆளைக் கொல்லும். ‘இங்கே இயக்குநர் ஒரு மௌனத்தை முன்வைக்கிறார்’னு மைக்குல சொல்றார். மாராத்தா வீட்டுக்காரன் ராயப்பன், வைக்கோல் சுமக்கிறவன், ‘எங்கே வெச்சான்? நான் பார்க்கலையே’ன்னு எழுந்து நிக்கிறான். பாதிக் கூட்டம் தூங்குது, மீதி பீடி பிடிக்குது. மூணு படத்துக்குப் பேரம் பேசி வாங்கினவன் நான். என் சரக்கு இப்படி விலை போகாமக் கிடந்தா எனக்கு ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா? புதன்கிழமை மைக்கைப் பிடுங்கிட்டேன். ‘நீங்க உட்காருங்க வாத்தியாரே, நான் சொல்றேன்’னேன்.

பாஷையா? பாஷை எதுக்குங்க? வாய் அசையறது தெரியுது, கை அசையறது தெரியுது, எவன் எவனை ஏய்க்கிறான்னு கண்ணைப் பார்த்தாத் தெரியுது. அதை வெச்சுத்தானே நான் சோறு தின்னுறேன்.

படத்துல ஒரு பெரிய களம். காப்பிக்கொட்டை காயப் போட்டிருக்கு. மொட்டை வெயில். பொம்பளைங்க கொட்டையைக் கிளறிக் கிளறிக் காய விடறாங்க. அதுல ஒருத்தி முன்னால நிக்கிறா, நல்ல திடகாத்திரமா. அவ பேரு வாயில நுழையலை. மைக்கு கையில இருக்கு, கூட்டம் வாயைப் பார்க்குது, ஒரு பேரு வேணுமில்ல? முன் வரிசையில மாராத்தா உட்கார்ந்து கடலை தின்னுக்கிட்டு இருந்தா. கண்ணுல பட்டா. ‘இவ பேரு மாராத்தான்னு வெச்சுக்குவோம்’னேன். கூட்டம் குபீர்னு சிரிச்சுது. தூங்கினவன் எல்லாம் எழுந்துட்டான். அவ கடலை தின்னறதை நிறுத்திட்டா.

அந்தக் களத்துல ஒரு மேஸ்திரி. சார், அவனைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன்னா அவனும் ஒரு காலத்துல கொட்டை கிளறினவன்தான். சண்டை நடந்தப்போ துப்பாக்கி பிடிச்சவன். ஆபீசுச் செவுத்துல அவன் போட்டோ மாலை போட்டுத் தொங்குது, சுத்திலும் இதே பொம்பளைங்க அவனைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. இப்ப என்ன பண்றான்? ஓடிப் போன முதலாளி விட்டுட்டுப் போன குடைக்கு அடியில உட்கார்ந்துக்கிட்டு வேலை வாங்கறான்! பொம்பளைங்க நிழல் கேட்டா, வாட்சு கட்டின கையில கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைச்சுக்கிட்டு ‘ஆகட்டும் தோழர், வேலை நடக்குது தோழர்’ங்கறான். எனக்கு மைக்கு நினைப்பே போயிருச்சு. கத்தினேன்: ‘பார்த்துக்கங்க ஜனங்களே! ஆளை மாத்தினீங்க, குடையை மாத்தினீங்களா? இவனை யார் தூக்கி விட்டது? நீங்க! இப்ப எவன் தலையில நிழல், எவ தலையில வெயில்? எழுந்து போய்க் கேளு மாராத்தா! இன்னும் எத்தனை காலம் பொறுப்பே? கையில இருக்கறதைக் கீழே போட்டுட்டு உட்காரு, இவன் என்ன பண்றான் பார்ப்போம்!’

படத்துல அவ என்ன சொன்னாளோ தெரியாது. ஆனா நான் சொல்லி வாய் மூடலை, அங்க அவ கொட்டை கிளறுற மரக் கட்டையைக் கீழே போட்டா. அத்தனை பொம்பளையும் போட்டாங்க. போய் ரோட்டுல உட்கார்ந்தாங்க. எங்க கொட்டகையில விசில் பறக்குது. ராயப்பன் துண்டைத் தூக்கி எறிஞ்சுட்டான். வாத்தியார் கண்ணுல தண்ணி. ‘ஐயா, மூலத்தை விட நல்லா இருக்கு’ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அப்பத்தான் அந்த லாரி வந்துச்சு. டிரைவர் மூஞ்சியைக் காட்டலை. ஸ்டீரிங்கு மேல ரெண்டு கை, மணிக்கட்டுல ஒரு வாட்சு. பொம்பளைங்க அசையலை. லாரியும் நிக்கலை. கிட்ட வருது, இன்னும் கிட்ட வருது, சட்டுனு இருட்டு. எழுத்து ஓட ஆரம்பிச்சிருச்சு.

‘அப்புறம்?’னு ஊரே கத்துது. மைக்கு என் கையில. நான் என்னத்தைச் சொல்லுவேன்? பேரம் முடியாம நின்னா தரகனுங்க நாங்க ஒரு வார்த்தை சொல்லித்தான் கலைவோம். பழக்க தோஷத்துல வாயில வந்துருச்சு. ‘மீதியை நாளைக்குச் சந்தையில வெச்சுப் பேசிக்கலாம்!’

மறுநாள் வியாழக்கிழமை. விடிஞ்சதும் நான் குடையை விரிச்சு உட்கார்றேன், எதிர்ல பெரிய தொட்டி முன்னால குடத்தைக் கவுத்துப் போட்டு வரிசையா உட்கார்ந்திருக்காங்க சார், படத்துல மாதிரியே. என்னங்கடி இதுன்னேன். ‘மீதியைப் பேசலாம்னீங்களே மேஸ்திரி, வாங்க பேசலாம்’ங்கறா மாராத்தா. மேஸ்திரியாம்! என்னையா! அந்தக் களவாணிப் பயலும் நானும் ஒண்ணா? அவன் குடை கறுப்பு, என் குடை பச்சை. அவனுக்கு மீசையே கிடையாது. இதை எடுத்துச் சொன்னேன். ‘மீசைதானே வித்தியாசம்?’னு ஒரு கிழவி கேக்கறா. மாடுங்க தாகத்துல கத்துது. வியாபாரிங்க எல்லாம் என்னையே பார்க்கறானுங்க.

பேசித் தீர்த்துரலாம்னு எழுந்தேன். துண்டை எடுத்து உதறிக் கையில போட்டேன். போட்ட பிறகுதான் உறைச்சுது. எப்படிப் பேசறது? ஊரான் பொண்டாட்டி கையைத் துண்டுக்குள்ள பிடிக்க முடியுமா? எங்க சந்தையில பொம்பளைகிட்ட எவனும் பேரம் பேசினதே கிடையாது. அதனால ராயப்பனைக் கூப்பிட்டேன். அவன் கையை இழுத்துத் துண்டைப் போட்டேன். ஒரு விரலைப் பிடிச்சேன், அதாவது கொட்டகைக்கு ஒரு பக்கம் கூரை. அவன் முழிச்சான். ரெண்டு விரலைப் பிடிச்சேன், ரெண்டு பக்கம். கையை உருவிக்கிட்டான். ‘என் கையில என்னங்க இருக்குது? குடம் அவ இடுப்புல இல்ல இருக்கு’ன்னுட்டுப் போயிட்டான், துரோகிப் பய.

மாராத்தா சொன்னா, ‘துண்டை எடுங்க தரகரே. எதா இருந்தாலும் வாயில சொல்லுங்க. எல்லார்த்துக்கும் கேக்கட்டும்.’

சார், உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அத்தனை பேர் முன்னால, துண்டு இல்லாம, வெட்ட வெளியில பேரமா? துணியில்லாம நிக்கிற மாதிரி இருந்துச்சு. ‘நேத்து மைக்குல அவ்வளவு பேசினீங்க?’ங்கறா. அது படத்துக்குப் பேசினதுடின்னேன். ‘எங்க பேரைச் சொல்லித்தானே பேசினீங்க?’ங்கறா. பேரு அவசரத்துக்கு வெச்சது, அதுக்கு இத்தனை அர்த்தமா?

எனக்குக் கோபம் வந்துச்சு. எனக்குக் கோபம் வந்தா என்ன பேசறேன்னு எனக்கே தெரியாதுங்க. ‘அந்தப் படத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தானே குதிக்கறீங்க? சரி, படத்துல கடைசியில என்ன ஆச்சோ அதுப்படி நடந்துக்குவோம்! ரெண்டு கட்சிக்கும் அதுதான் தீர்ப்பு!’ன்னேன். சொன்ன உடனே எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். எந்தப் படத்துல சார் கடைசி வரைக்கும் ரோட்டுல உட்கார்ந்திருப்பாங்க? எப்படியும் எழுந்துதானே ஆகணும்? ‘ஆகட்டும்’னு அவளும் ஒத்துக்கிட்டா. சூடத்தைக் கொளுத்தி அணைச்சாச்சு. அப்புறம் மாறக் கூடாது.

அன்னிக்கே நான் முடிவைச் சொல்லிப் பார்த்தேன். லாரி நின்னுச்சு, மேஸ்திரி இறங்கி வந்து ரெண்டு நல்ல வார்த்தை சொன்னான், பொம்பளைங்க மனசு இளகி, களத்துக்குத் திரும்பிட்டாங்கன்னேன். நல்ல முடிவுதானே? ‘எங்கே, திரையில காட்டுங்க’ங்கறாங்க. நேத்து வரைக்கும் நான் சொன்னதை எல்லாம் நம்பினவங்க!

வாத்தியாருக்குப் போன் போட்டேன். லாரி நின்னுச்சா இல்லையான்னு கேட்டேன். ‘அது திறந்த முடிவு ஐயா’ங்கறார். திறந்து கெடந்தாச் சாத்தச் சொல்லுங்கய்யான்னேன். ‘இல்லை, பார்வையாளர்தான் முடிவு செய்யணும்’ங்கறார். பார்வையாளர் முடிவு பண்ணித்தானே வாத்தியாரே என் தொட்டி காஞ்சு கிடக்குன்னேன். அவருக்குச் சிரிப்பு. அப்புறம்தான் சொன்னார், அந்த டைரக்டர் கேரளாவுக்கு வந்திருக்கான், நேர்லயே கேளுங்கன்னு. கிளம்பிட்டேன். நான் மட்டும் போனாப் பத்தாதுன்னு இந்த மாராத்தாவும் கிளம்பிட்டா. ‘நீங்க நடுவுல கதையை மாத்திருவீங்க, எங்க பக்கம் ஒரு காது வேணும்’னு எல்லாரும் சேர்ந்து அனுப்பியிருக்காங்க. சந்தையில என்னை நம்பாத ஆளே கிடையாது, தெரியுமா?

அவன்கிட்ட எப்படிப் பேசுவீங்கன்னுதானே கேக்கறீங்க? இந்தத் துண்டு எதுக்கு இருக்கு? அவன் கையைப் பிடிச்சு, துண்டைப் போட்டு, ஒரு விரல்னா லாரி நின்னுச்சு, ரெண்டு விரல்னா நிக்கலை. விரலுக்கு எந்த நாட்டு பாஷை வேணும்? அவன் ஒரு விரலைக் காட்டற வரைக்கும் நான் கையை விடப் போறதில்லை.

என்ன கேட்டீங்க? மெதுவாக் கேளுங்க சார்... டிரைவர் யாரா? அதான் சொன்னேனே, மூஞ்சியைக் காட்டலை, கையை மட்டும்தான்... ஐயையோ, திரும்பிட்டா. கேட்டுருச்சு அவளுக்கு.

“ஏனுங்க சார், டிரைவரு யாருன்னா கேட்டீங்க?”

மாராத்தா, நீ பாட்டுக்கு முன்னால பார்த்து உட்காரு. நாங்க வேற விஷயம் பேசிக்கிட்டு இருக்கோம்.

“தெரியுமுங்க நீங்க பேசற விஷயம். பஸ்ஸு பூராக் கேட்டுக்கிட்டுத்தான் வருது. சார், லாரி ஓட்டறது யாருன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. படத்துலயே தெரிஞ்சுது. அவரு காலை எதுல வெக்கப் போறாருன்னு பார்க்கறதுக்குத்தான் நான் கூட வர்றதே. பிரேக்கு அந்த டைரக்டரு காலுக்கடியிலயா இருக்குது?”

பார்த்தீங்களா சார், பார்த்தீங்களா! டிரைவரைத் தெரியுமாம்! இத்தனை நாளா மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்கா! தெரிஞ்சவ அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நான் எதுக்கு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு அடுத்த ராஜ்யத்துக்குப் போறேன்? அவனையே போய்ப் பிடிச்சு ரெண்டு அறை விட்டு, நிறுத்துடா லாரியைன்னு சொல்லியிருக்க மாட்டேனா? யாருடி அவன், சொல்லேன்! பாருங்க, சிரிக்கறா. பக்கத்துல இருக்கற மலையாளத்தம்மாவும் சேர்ந்து சிரிக்குது. அதுக்கு என்ன புரிஞ்சுதுன்னு சிரிக்குது?

சிரிங்க, நீங்களும் சிரிங்க. ஆமா, வாட்சுதான் கட்டியிருக்கேன். ஏன், ஊருல உலகத்துல எவனும் வாட்சு கட்டறதில்லையா? எதுக்கு அப்படி என் கையையே பார்க்கறீங்க?

இந்த வேலையே வேண்டாம் சார். இதுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவன் அவன். நல்லா இருந்த சந்தை. கேட்டா ‘ஆகட்டும்’னு சொல்வேன், அவங்களும் குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிருவாங்க. குழியில தவளை பாட்டுக்குக் கத்திக்கிட்டுக் கிடந்துச்சு. எவனுக்கும் தொந்தரவு இல்லை. இவன் எங்கேயோ ஈ உட்கார்ந்தா மறையற நாட்டுல உட்கார்ந்துக்கிட்டு, ரோட்டுல பொம்பளைங்களை உட்கார வெச்சுட்டு, என் தலையில விட்டுட்டுப் போயிட்டான். அவனைப் பார்த்தீங்கன்னா நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆரம்பிச்சவன்தான் முடிக்கணும். லாரியை ஓட விட்டவன்தான் வந்து நிறுத்தணும். பரிசை எல்லாம் அப்புறம் வாங்கிக்கட்டும், மொதல்ல கரட்டூருக்கு வரச் சொல்லுங்க. வியாழக்கிழமைக்குள்ள வரணும். வந்து, அந்தப் பொம்பளைங்க முன்னால நின்னு, துண்டு இல்லாம, வாயைத் திறந்து, எல்லார்த்துக்கும் கேக்கற மாதிரி ஒரு பதிலைச் சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க!